மூன்று குரல்களைப் பிரித்துக் கேளுங்கள்: ‘தி பேண்ட்’ பாடல்களுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

‘தி பேண்ட்’ என்று ஒரு ராக் இசைக்குழுவுக்குப் பெயர் வைத்தால் பிற்காலத்தில் அதைத் தேடுகிறவர்கள் என்ன பாடுபடுவார்கள் என்று 1968-இல் யாருக்கும் தோன்றியிருக்காது. தேடிப் பாருங்கள், கல்யாண பேண்ட் முதல் கைக்கடிகாரப் பட்டைவரை எல்லாம் வந்து நிற்கும். அதனால் குழுவின் பெயரை மட்டும் தட்டாதீர்கள். ‘மியூசிக் ஃப்ரம் பிக் பிங்க்’ என்ற ஆல்பத்தின் பெயரையோ, லீவான் ஹெல்ம் அல்லது ராபி ராபர்ட்சன் பெயரையோ சேர்த்துத் தேடுங்கள். நியூயார்க் மாநிலத்தின் உட்ஸ்டாக் பக்கத்து ஊர்க்காரர்கள் இவர்களை வெறுமனே ‘அந்த பேண்ட்’ என்றுதான் சொல்லி வந்தார்களாம். அதுவே பெயராக நின்றுவிட்டது.

முதல்முறை கேட்டபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ராக் இசை என்றால் கிட்டார் அலற வேண்டும், ஒருவர் நடுவில் நின்று பாட வேண்டும் என்று நினைத்திருந்தவன் நான். இங்கே டிரம்ஸ் பழைய மரப்பெட்டியைத் தட்டியதுபோல ‘தொம்’ என்று விழுகிறது. கிட்டார் ஓரமாக ஒதுங்கி நிற்கிறது. பாடுகிறவர்கள் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வரியைப் பிடுங்குகிறார்கள். யார் பாடகர் என்றே தெரியவில்லை. அந்தக் குழப்பம்தான் இவர்களுடைய பாடல்களுக்கான சாவி என்று புரியப் பல மாதம் ஆயிற்று. உங்களுக்கு அந்த மாதங்களை மிச்சப்படுத்தலாம் என்று இதை எழுதுகிறேன்.

சாவி இதுதான்: இந்தப் பாடல்கள் குரல் பார்த்து எழுதப்பட்டவை. நாடகம் எழுதுகிறவர் ‘இந்த வேடம் இன்னாருக்கு’ என்று மனதில் வைத்து வசனம் எழுதுவதுபோல. யார் பாடுகிறார் என்று தெரியாமல் கேட்டால் பாதிப் பாட்டுதான் காதில் விழும்.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஐந்து பேர். நான்கு பேர் கனடாக்காரர்கள், ஒருவர் மட்டும் அமெரிக்கத் தெற்கின் ஆர்கன்சாவைச் சேர்ந்தவர். அமெரிக்க மண்ணின் வாசம் வீசும் பாடல்கள் என்று உலகம் கொண்டாடியவற்றைப் பெரும்பாலும் எழுதியவர் டொராண்டோவில் பிறந்த ராபர்ட்சன். வெளியிலிருந்து வந்து பார்த்தவனுக்குத்தான் அந்த ஊர்ப் பெயர்களெல்லாம் கதையாகத் தெரிந்திருக்கின்றன.

ஆர்கன்சாக்காரர் லீவான் ஹெல்ம். டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடுவார், மாண்டலினும் வாசிப்பார். பருத்திக்காட்டில் வளர்ந்த குரல். கரகரப்பு, குறும்பு, கொஞ்சம் முறைப்பு எல்லாம் அதில் உண்டு. ரிக் டாங்கோ பேஸ் கிட்டாரும் ஃபிடிலும் வாசிப்பவர். அவர் குரல் எப்போதும் கொஞ்சம் மூச்சு வாங்கும், இப்போதுதான் ஓடி வந்தவர்போலப் பதறும். பியானோ வாசிக்கும் ரிச்சர்ட் மானுவலின் குரல் அமெரிக்கப் பாடகர் ரே சார்ல்ஸைக் கேட்டு வளர்ந்த குரல். சோகத்தின் அடியில் போய் உட்கார்ந்துவிடும், சில இடங்களில் பெண்குரல் உயரத்துக்கு ஏறி மெலிந்து நிற்கும். பாடகர்கள் இந்த மூவர்தான்.

கார்த் ஹட்சன் பாடுவதில்லை. ஆர்கன், அக்கார்டியன், சாக்ஸபோன் என்று கையில் கிடைப்பதையெல்லாம் வாசிப்பார். முறையாக இசை படித்தவர். மற்றவர்களுக்கு இசை சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் என்று வீட்டில் கணக்குக் காட்டிவிட்டுத்தான் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தார். அதற்காக ஒவ்வொருவரும் வாரம் 10 டாலர் அவருக்குக் கொடுத்தார்கள். ராபர்ட்சன் கிட்டார் வாசிப்பார், எழுதுவார். ஒரு சில பாடல்களைத் தவிர முன்னால் வந்து பாடமாட்டார். எழுதுகிறவர் வேறு, பாடுகிற மூவர் வேறு என்ற இந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சண்டைக்கும் இதுவே காரணம்.

இவர்கள் நேற்று சேர்ந்து இன்று ஆல்பம் போட்டவர்கள் அல்லர். 1961 முடிவதற்குள் ஐவரும் ரானி ஹாக்கின்ஸ் என்ற பாடகரின் பின்னணிக் குழுவில் சேர்ந்துவிட்டார்கள். 1964-இல் அவரைவிட்டுப் பிரிந்து மதுக்கூடங்களில் வாசித்தார்கள். 1965-இல் நாட்டுப்பாடல் பாடகர் பாப் டிலன் மின்கிட்டாருக்கு மாறியபோது அவருக்குப் பின்னால் நின்று, ஊர் ஊராகப் பார்வையாளர்களின் எதிர்ப்புக் கூச்சலை வாங்கிக்கட்டிக்கொண்டார்கள். ஹெல்முக்கு அது பொறுக்கவில்லை. நடுவிலேயே கிளம்பிப்போய் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை பார்த்தார். 1966-இல் டிலன் மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பிறகு ஓய்வெடுத்தார். அடுத்த ஆண்டு உட்ஸ்டாக் அருகே வெஸ்ட் சாகர்டீஸில் இவர்கள் வாடகைக்கு எடுத்த இளஞ்சிவப்பு வீட்டின் நிலவறையில் அவரும் வந்து சேர்ந்துகொள்ள, நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களை விளையாட்டாகப் பதிவு செய்தார்கள். பாதி பழைய நாட்டுப்பாடல்கள், பாதி அன்றன்றைக்கு எழுதியவை. இவர்கள் பாட்டெழுதப் படித்த பள்ளிக்கூடம் அந்த நிலவறைதான் என்பேன்.

எந்த ஆல்பத்தில் தொடங்குவது?

வரிசைப்படி 1968-இல் வந்த ‘மியூசிக் ஃப்ரம் பிக் பிங்க்’ முதலாவது. ஆனால் அதில் தொடங்க வேண்டாம். அதன் முதல் பாட்டு ‘டியர்ஸ் ஆஃப் ரேஜ்’. பிள்ளையால் மனம் உடைந்த ஒரு பெற்றோரின் புலம்பல், ஆமை வேகத்தில் நகரும். பெற்றோரை எதிர்ப்பதே இளமை என்று ஒரு தலைமுறை கத்திக்கொண்டிருந்த ஆண்டில் பெற்றோர் பக்கம் நின்று ஆல்பத்தைத் தொடங்கினார்கள். டாங்கோ குடும்பத்துப் பண்ணையில் சொந்தபந்தங்களையெல்லாம் கூட்டிவைத்துப் படமெடுத்து, அதையும் அந்த ஆல்பத்தின் உள்ளே போட்டார்கள். எவ்வளவு துணிச்சல் என்று பிறகுதான் புரியும், புதிதாக வருபவரை அது விரட்டிவிடக்கூடும்.

1969 செப்டம்பரில் வந்த இரண்டாவது ஆல்பத்தில் தொடங்குங்கள். அதன் பெயரும் ‘தி பேண்ட்’தான் (சொன்னேன் அல்லவா). அட்டையின் நிறத்தை வைத்து ‘பிரவுன் ஆல்பம்’ என்று ரசிகர்கள் சொல்வார்கள். லாஸ் ஏஞ்சலஸ் மலைப்பகுதியில் பாடகர் சாமி டேவிஸ் ஜூனியருக்குச் சொந்தமான வீட்டை வாடகைக்கு எடுத்து, நீச்சல்குளத்துக்குப் பக்கத்திலிருந்த சிறு கட்டடத்தை ஒலிப்பதிவுக் கூடமாக்கிக்கொண்டார்கள். 12 பாட்டு, முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. பின்னாளில் புதிதாக ஒலிக்கலவை செய்த பதிப்பும் கிடைக்கிறது, அது பளிச்சென்று இருக்கும். முதலில் பழையதையே கேளுங்கள். அந்த மர வாசனை பழையதில்தான் இருக்கிறது.

முதல் நாள் மூன்றே மூன்று பாட்டு போதும், ஒரு குரலுக்கு ஒன்று. ஹெல்முக்கு ‘அப் ஆன் கிரிப்பிள் க்ரீக்’. லாரி ஓட்டுகிற ஒருவன் லேக் சார்ல்ஸ் ஊரில் இருக்கும் தன் பெஸ்ஸியைப் பற்றி அளந்துவிடும் பாட்டு. அதில் தவளை கத்துவதுபோல ஒரு ஒலி வரும். நம் ஆட்கள் கேட்டால் மோர்சிங் என்றே சொல்வார்கள். உண்மையில் அது ஹட்சன் கிளாவினெட் என்ற விசைப்பலகையை, கிட்டார்க்காரர்கள் காலால் மிதிக்கும் வா-வா பெடல் வழியாக விட்டு எடுத்த ஒலி. டாங்கோவுக்கு ‘தி அன்ஃபெய்த்ஃபுல் சர்வண்ட்’. மானுவலுக்கு ‘விஸ்பரிங் பைன்ஸ்’. அதன் மெட்டு அவருடையது, சொல் ராபர்ட்சனுடையது. கடைசியில் ஹெல்மின் குரல் வந்து மானுவலுக்குப் பதில் சொல்வதுபோல நிற்கும் இடத்தைத் தவறவிடாதீர்கள்.

இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு ‘இது இன்னார்’ என்று சொல்ல வந்துவிட்டால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். வராவிட்டால் மறுநாளும் இதே மூன்றுதான்.

ஒரே பாட்டை ஐந்து தடவை

இப்போது முதல் ஆல்பத்துக்குத் திரும்பி ‘தி வெயிட்’ பாட்டை மட்டும் எடுங்கள். வெளிவந்தபோது அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 63-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. இன்று இவர்களுடைய அடையாளமே இதுதான்.

முதல் தடவை சும்மா கேளுங்கள். இரண்டாம் தடவை டிரம்ஸை மட்டும். கிட்டார் தொடங்கியதும் ஹெல்ம் மூன்று அடி போடுவார், கதவைத் தட்டி உள்ளே வருவதுபோல. அதற்குப் பிறகு அவர் நிரப்புவதைவிட விட்டுவைப்பதே அதிகம்.

மூன்றாம் தடவை குரல். முதல் மூன்று சரணம் ஹெல்ம். நான்காவதில் திடீரென்று டாங்கோ. கடைசியில் இருவரும் சேர்ந்து. பல்லவி முடியும் இடத்தில் மூன்று குரல்களும் ஒன்றாக இறங்காமல், படியில் ஒருவர் பின் ஒருவராக ஏறுவதுபோல வந்து சேரும். ஒத்திசைவு என்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் வாயைத் திறப்பது என்ற எண்ணத்தை அந்த ஒரு விநாடி உடைத்துப்போடும். தேவாலயத்தில் பாடும் காஸ்பல் குழுக்களிடம், குறிப்பாக ஸ்டேப்பிள் சிங்கர்ஸிடம், இவர்கள் கற்றுக்கொண்டது இது.

நான்காம் தடவை கதை. களைத்துப்போன ஒருவன் நாசரேத் என்ற ஊருக்கு வருகிறான். படுக்க ஓர் இடம் கேட்கிறான், கேட்டவர் சிரித்துக் கைகொடுத்து ‘இல்லை’ என்கிறார். அப்புறம் வருகிறவர்கள் எல்லோரும் அவன் தலையில் ஏதாவது ஒன்றைக் கட்டுகிறார்கள். ஒருத்தி தான் போகவேண்டும் என்று சொல்லித் தன்னோடு வந்த சாத்தானை இவனிடம் விட்டுப்போகிறாள், ஒருவன் தன் நாயைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறான். உண்மையில் அவன் வந்ததே வேறொருத்தி சொல்லியனுப்பிய வணக்கத்தைச் சேர்ப்பதற்கு. உபகாரம் செய்யப் போனவன் கதை. ஊரில் இப்படி ஒருவர் நம் எல்லோர் குடும்பத்திலும் உண்டு.

பைபிள் பாட்டு என்று நினைத்துப் பலர் அர்த்தம் தோண்டுவார்கள். அந்த நாசரேத் பென்சில்வேனியாவில் இருக்கிறது. மார்ட்டின் கிட்டார்கள் தயாராகும் ஊர். ராபர்ட்சன் தன் கிட்டாரின் துளைக்குள் எட்டிப் பார்த்தபோது ஊர்ப்பெயர் அச்சடித்திருந்தது, பாட்டு அங்கிருந்து கிளம்பியது. வரும் பெயர்களில் சில ஹெல்முக்குத் தெரிந்த ஆர்கன்சா ஆட்களுடையவை. நல்லது செய்ய நினைப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் கதைகளைப் படமெடுத்த ஸ்பானிய இயக்குநர் லூயிஸ் புனுவேலின் பாதிப்பு உண்டு என்று ராபர்ட்சனே சொல்லியிருக்கிறார். கிட்டார்க் கம்பெனி முகவரி, நண்பனின் ஊர்க்காரர்கள், ஒரு ஸ்பானியப் படக்காரர். பாட்டின் மூலப்பொருள் இவ்வளவுதான்.

ஐந்தாம் தடவை பியானோவையும் ஆர்கனையும் கேளுங்கள். பியானோவில் இருப்பது மானுவல் என்று நினைப்பீர்கள். இல்லை, அன்று அவரும் ஹட்சனும் இடம் மாற்றிக்கொண்டார்கள். இது இவர்கள் வழக்கம். ‘ராக் மாமா ராக்’ பாட்டில் டாங்கோ ஃபிடிலை எடுத்துக்கொள்கிறார், ஹெல்ம் மாண்டலினுக்குப் போகிறார், மானுவல் டிரம்ஸில் உட்காருகிறார், பேஸுக்கு ஆளில்லாமல் தயாரிப்பாளர் ஜான் சைமன் டியூபாவை ஊதுகிறார். யாரும் தன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இருக்கவில்லை.

பேசுகிறவன் யார் என்று கேளுங்கள்

சொற்களுக்குள் போகும்போது ஒவ்வொரு பாட்டிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதைச் சொல்கிறவன் யார்? பதில் ஒருபோதும் ‘ராபர்ட்சன்’ என்று வராது. ‘ராக்கிங் சேர்’ பாட்டில் இரண்டு கிழட்டு மாலுமிகளில் ஒருவர் பேசுகிறார், வீடு திரும்ப ஏங்குகிறார். அதில் டிரம்ஸே இல்லை. எழுதும்போது ராபர்ட்சனுக்கு வயது 25, 26.

எனக்கு எல்லாவற்றிலும் மேலானது இரண்டாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, ‘கிங் ஹார்வெஸ்ட்’. பேசுபவன் நொடித்துப்போன விவசாயி. களஞ்சியம் எரிந்துபோயிற்று, குதிரைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, மழை இல்லை. தொழிற்சங்கத்தில் சேர்ந்தால் விடியும் என்று நம்புகிறான். பொதுவாகச் சரணம் அடங்கியிருக்கும், பல்லவி வெடிக்கும். இதில் தலைகீழ். சங்கத்தைப் பற்றிய சரணம் முறுக்கி நிற்கிறது, அறுவடையைப் பற்றிய பல்லவி கிசுகிசுப்பாக இறங்குகிறது. வெளியே கோஷம், உள்ளே பிரார்த்தனை. மானுவல் பாடுவதால் அவன் நம்பிக்கையை நம்மால் முழுக்க நம்பவும் முடியவில்லை. ஹெல்ம் பாடியிருந்தால் அவன் பிழைத்துக்கொள்வான் என்று தோன்றியிருக்கும். குரல் பார்த்து எழுதுவது என்று நான் சொன்னது இதைத்தான். முடிவில் ராபர்ட்சனின் கிட்டார் வருகிறது. ஒவ்வொரு சுரத்தையும் சில்லறை எண்ணுவதுபோலச் செலவழிக்கிறார்.

‘தி நைட் தே ட்ரோவ் ஓல்ட் டிக்ஸி டவுன்’ பாட்டைக் கொஞ்சம் வரலாறு தெரிந்துகொண்டு கேளுங்கள். டிக்ஸி என்றால் அமெரிக்கத் தெற்கு. 1865, அமெரிக்க உள்நாட்டுப் போரின் கடைசி மாதங்கள். டான்வில் ரயில்பாதையில் வேலைபார்த்த வர்ஜில் கெய்ன் பேசுகிறான். வடக்குப் படைத்தளபதி ஸ்டோன்மேனின் குதிரைப்படை தண்டவாளத்தைப் பெயர்க்கிறது, தெற்கின் தலைநகர் ரிச்மண்ட் விழுகிறது, அண்ணன் செத்துப்போனான். தோற்ற ஏழையின் துக்கம் என்று கேட்டால் நெஞ்சை அடைக்கும். அந்த ஏழை சண்டைபோட்டது அடிமைமுறையைக் காப்பாற்ற எழுந்த பக்கத்துக்காக என்பதும் உண்மை, பாட்டு அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. 1971-இல் பாடகி ஜோன் பாயஸ் பாடியபோது அமெரிக்காவில் 3-ஆம் இடம்வரை போயிற்று. ஆனால் ஹெல்மின் தெற்கத்தி உச்சரிப்பு இல்லாமல் இது வேறு பாட்டு. குழுவின் பிரிவு நிகழ்ச்சி நடந்த 1976-க்குப் பிறகு ஹெல்ம் இதை மேடையில் பாடவே இல்லை.

யார் எழுதியது என்ற சண்டை

இதைத் தவிர்த்துவிட்டு இவர்களைக் கேட்க முடியாது. முதல் ஆல்பத்தின் 11 பாடல்களில் ராபர்ட்சன் பெயரில் 4. மானுவல் தனியாக 3, டிலனோடு சேர்ந்து 1. டாங்கோ டிலனோடு 1. இரண்டாவது ஆல்பத்தில் 12 பாடல்களிலும் ராபர்ட்சன் பெயர் இருக்கிறது. மூன்றில் மானுவலும் ஒன்றில் ஹெல்மும் உடன் வருகிறார்கள். 1970-இல் வந்த ‘ஸ்டேஜ் ஃப்ரைட்’ ஆல்பத்துக்குப் பிறகு மானுவலின் பெயர் எழுத்தாளர் இடத்தில் இல்லவே இல்லை.

பெயர் இருக்கும் இடத்துக்குத்தான் பணம் போகும். நடையை, இசைக்கோர்ப்பை, சில வரிகளைக்கூட எல்லோரும் சேர்ந்து உருவாக்கினோம், பங்கு ஒருவருக்கே போயிற்று என்று ஹெல்ம் கடைசிவரை சொன்னார். நான் உட்கார்ந்து எழுதினேன், மற்றவர்களையும் எழுதச் சொல்லி வற்புறுத்தினேன் என்று ராபர்ட்சன் சொன்னார். இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் என்று மூன்று பெயர் தனித்தனியே போட்டுப் பழகிய நமக்கு இந்தச் சிக்கல் கொஞ்சம் புதிது. நடுவில் நிற்கும் ‘வாசித்தவர்கள்’ என்ற நான்காவது வரிசையை நாமும் அதிகம் கவனிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

என் கருத்தைக் கேட்டால்: காகிதத்தில் இருப்பது ராபர்ட்சனுடையது. காதில் விழுவது ஐவருடையது. சட்டத்துக்குக் காகிதம்தான் தெரியும்.

இதற்குப் பிறகு கேட்க வேண்டியவை

‘ஸ்டேஜ் ஃப்ரைட்’ நல்ல ஆல்பம்தான், தலைப்புப் பாட்டில் டாங்கோவின் பதற்றமே கதையாகிவிடும். 1971-இன் ‘கஹூட்ஸ்’ ஆல்பத்தில் ‘லைஃப் இஸ் எ கார்னிவல்’ மட்டும் போதும். 1977-இன் ‘ஐலண்ட்ஸ்’ அவசரமில்லை.

நேராக 1975-க்குத் தாவுங்கள். ‘நார்தர்ன் லைட்ஸ் – சதர்ன் கிராஸ்’. எட்டுப் பாட்டும் ராபர்ட்சனுடையவை, ஆனால் குரல் பார்த்து எழுதும் கலை உச்சத்தில் இருக்கிறது. ‘இட் மேக்ஸ் நோ டிஃபரன்ஸ்’ டாங்கோவுக்கென்றே தைத்த சட்டை. பிரிவைத் தாங்க முடியாத ஒருவன், மறைக்கவும் தெரியாதவன். கிட்டார் அழுது ஓய்ந்ததும் ஹட்சனின் சொப்ரானோ சாக்ஸ் எழும். ‘அகேடியன் டிரிஃப்ட்வுட்’ கனடாவுக்குத் திரும்புகிறது. 1755 முதல் பிரிட்டிஷார் நோவா ஸ்கோஷியா பகுதியிலிருந்து விரட்டிய பிரெஞ்சுக்காரர்களின் கதை. அவர்களில் பலர் கடைசியில் லூசியானா போய்ச் சேர்ந்தார்கள். பாட்டில் 1759-இன் கியூபெக் போர் முதலில் வந்துவிடும், வரலாற்று வாத்தியார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மூவரும் மாறி மாறிப் பாடுகிறார்கள், ஒரு ஜனமே பேசுவதுபோல இருக்கும். சொந்த மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களின் பாட்டு என்பதால் ஈழத்து நண்பர் ஒருவர் இதை இரண்டாவது முறை கேட்க மறுத்துவிட்டார்.

‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’ படத்தை இதற்கெல்லாம் பிறகு பாருங்கள். 1976 நவம்பர் 25 அன்று சான் பிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்ட் அரங்கில் நடந்த பிரிவு நிகழ்ச்சி. மார்ட்டின் ஸ்கார்செசி படமாக்கி 1978-இல் வெளியிட்டார். அழகான படம். ஆனால் அதையே முதலில் பார்த்தால் ராபர்ட்சன்தான் தலைவர், மற்றவர்கள் துணை என்ற எண்ணம் விழுந்துவிடும், மானுவலைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஸ்டேப்பிள் சிங்கர்ஸோடு ‘தி வெயிட்’ பாடும் காட்சி மட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும். அது அன்றைய மேடையில் நடந்ததல்ல, பிறகு படப்பிடிப்புத் தளத்தில் தனியாக எடுத்தது.

நீங்களே பாட்டெழுதுகிறவரா?

அப்படியானால் ஒரு பயிற்சி. உங்களுக்குத் தெரிந்த மூன்று குரல்களை எடுங்கள். பாடகராக இருக்க வேண்டியதில்லை, டீக்கடைக்காரர், பெரியம்மா, பழைய வாத்தியார் யாராயினும் சரி. அவர்களில் ஒருவர் வாயால் மட்டும் வரக்கூடிய நான்கு வரி எழுதுங்கள். உங்கள் சோகம் அதில் வரக்கூடாது. ஓர் ஊர்ப்பெயரும் ஓர் ஆள்பெயரும் கட்டாயம் வரவேண்டும். எழுதி முடித்ததும் அதே வரிகளை இரண்டாமவர் சொல்வதுபோலப் படித்துப் பாருங்கள். எந்த மாற்றமும் இல்லாமல் பொருந்தினால் கிழித்துப்போட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கடைசியாக மேடைப் பதிவு ஒன்று. 1972-இல் வந்த ‘ராக் ஆஃப் ஏஜஸ்’. 1971-இன் கடைசி நான்கு இரவுகளில் நியூயார்க்கின் அகாடமி ஆஃப் மியூசிக் அரங்கில் வாசித்தது. நியூ ஆர்லியன்ஸின் இசையமைப்பாளர் ஆலன் டூசான் அமைத்துக்கொடுத்த ஊதுகருவி வரிசையும் உண்டு. அதில் ஹட்சன் தனியாக ஆர்கன் வாசிக்கும் ஒரு நீண்ட பகுதி இருக்கிறது. எங்கெங்கோ அலைந்துவிட்டு, நள்ளிரவு நெருங்க நெருங்க, புத்தாண்டு பிறப்புக்கு அங்கே பாடும் பழைய ஸ்காட்லாந்து மெட்டுக்குள் நுழைவார். கூட்டம் கத்தும். அவர் நிற்காமல் அப்படியே ‘செஸ்ட் ஃபீவர்’ பாட்டுக்குள் இறங்க, ஹெல்ம் டிரம்ஸை அடிப்பார். ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கேளுங்கள்.